கழலாத போல்ட்டுக்கு யார் கூலி கொடுப்பது?

தூத்துக்குடியில் என் தாய்மாமா நடத்தும் கார் பட்டறையில் பில் எழுதுவது என் வேலை. ஒன்பது வருடமாக எழுதுகிறேன். பெயிண்ட்டுக்கு ஒரு வரி உண்டு. டிங்கரிங்குக்கு ஒரு வரி. பிரேக் லைனிங், வாட்டர் பம்ப், கதவு ரப்பர், சீட் கவர் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி. ஆனால் ஒரு பழைய காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கும்போது ஆட்களின் நேரத்தை அதிகமாகத் தின்கிற வேலைக்கு நான் பார்த்த எந்தப் பில் புத்தகத்திலும் வரி கிடையாது. துருப்பிடித்து இறுகிப்போன நட்டையும் போல்ட்டையும் உடைக்காமல் கழற்றுகிற வேலை அது. அதற்கு ஒரு வரி வேண்டும். அந்த வரிக்கு நேராக ஒரு தொகை வேண்டும். காரின் சொந்தக்காரர் அதை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

இதைச் சொல்ல இத்தனை பக்கம் எதற்கு என்று கேட்கலாம். இதற்கு எதிராக நிற்பவர்கள் மூன்று கூட்டம், மூன்று பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, பழைய கார் ரீஸ்டோரேஷன் வீடியோ எடுக்கிறவர்கள். இரண்டு, "அப்பாவின் அம்பாசடர்" என்று கண்ணீர்க் கட்டுரை எழுதுகிறவர்கள். மூன்று, என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "ஒரு போல்ட்டைக் கழட்ட அஞ்சு மணி நேரமாம்மா? யூடியூப்ல ரெண்டு நிமிஷத்துல எடுக்கான்" என்று கேட்கிறவர்கள். மூன்றும் பல நேரங்களில் ஒரே ஆள்தான் என்பது வேறு விஷயம்.

முதலில் அந்த அஞ்சு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இரும்பு தண்ணீரோடும் காற்றோடும் சேர்ந்து துருவாகும்போது இடம் அதிகம் கேட்கும். போன இரும்பின் அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் துரு வந்து உட்காரும். வெட்டவெளியில் இருக்கும் தகட்டில் அது பொருக்குப் பொருக்காக உப்பி உதிர்ந்துவிடும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கிற மறையில் உதிர வழியில்லை. அங்கே இருக்கும் இடைவெளி மயிரிழை அளவுதான். அதற்குள் துரு தன்னைத் திணித்துக்கொண்டு ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். எங்கள் ஊரில் இதற்கு உப்பும் துணை. உப்பு கரைந்த ஈரம் வெறும் ஈரத்தைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு வேகமாக ஓடும். உப்பளத்துப் பக்கம் கொட்டகையில் நின்ற காரை நீங்கள் அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும். போல்ட் எது, பிராக்கெட் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் எல்லாம் ஒரே செங்கல் நிறம்.

"அந்தக் காலத்து இரும்பும்மா, அசைக்க முடியுமா?" என்று காரின் சொந்தக்காரர் இதைப் பார்த்துப் பெருமைப்படுவார். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. அந்த போல்ட் பூட்டிய நாளில் ஒரு முழு ஸ்பேனருக்குச் சாதாரணமாகக் கழன்றிருக்கும். அதை அசைய முடியாமல் செய்தது உங்கள் குடும்பம் காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்த வருடங்கள். அலட்சியத்துக்குத் தரச் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஸ்பேனர். அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரின் வாரிசு. 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் செய்தார்கள். பழைய பெட்ரோல் வண்டிகளில் இருக்கும் பி.எம்.சி. இன்ஜினும் அதைச் சுற்றியுள்ள மறைகளும் இன்ச் கணக்கு. நம் வீட்டில், கடையில், ஆன்லைனில் கிடைக்கிற ஸ்பேனர் செட் பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு. அரை இன்ச் தலை என்றால் 12.7 மில்லிமீட்டர். அதில் 13 ஸ்பேனரைப் போடலாம், உட்காரும். இடைவெளி 0.3 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நல்ல போல்ட்டில் அது பிரச்சினை செய்யாமலும் போகலாம். இறுகிப்போன போல்ட்டில் அந்த 0.3 போதும். ஸ்பேனர் வழுக்கி, தலையின் ஆறு முனையும் மழுங்கி, போல்ட் மொட்டைத் தலையாகிவிடும். பிறகு அதைப் பிடிக்க எதுவும் இல்லை. முக்கால் இன்ச் மட்டும் 19.05, அதனால் 19 ஸ்பேனர் அதில் கச்சிதமாகப் பொருந்தும். இப்படி எது எதோடு ஒத்துப்போகும், எது ஒத்துப்போகிற மாதிரி நடித்துக் கழுத்தை அறுக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது ஒரு படிப்பு.

இன்னொன்றும் உண்டு. அம்பாசடரில் நிறைய இடத்தில் வருகிற 5/16 இன்ச் போல்ட்டின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கிற 8 எம்.எம். போல்ட் கண்ணுக்கு அதேதான். ஆனால் பழையதில் இன்ச்சுக்கு 24 மறை, புதியதில் ஏறக்குறைய 20. புதியதைப் பழைய ஓட்டையில் வைத்தால் வாயில் ஏறும், ஒன்றிரண்டு சுற்றில் இறுகும். "கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்வளவுதான்" என்று பலம் கொடுத்தால் ஓட்டையின் மறை போச்சு. பழசைக் கழற்றி அறுத்துப்போட்டுவிட்டு, "பத்து ரூபா போல்ட்டுதானே, புதுசு வாங்கிப் போடு" என்கிறவர்கள் இதை எங்கே யோசிக்கிறார்கள்?

சரி, இனி நேரக் கணக்கு. போன வருடம் 1986ஆம் வருடத்து மார்க் 4 ஒன்று வந்தது. பதினோரு வருடம் ஓடாமல் நின்ற வண்டி. புகை மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்களில் ஒன்று மட்டும் வர மறுத்தது. அந்த ஸ்டட் போயிருப்பது வார்ப்பிரும்பு ஹெட்டுக்குள். உள்ளேயே முறிந்தால் ஹெட்டைக் கழற்றி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாமா அதை எப்படி எடுத்தார் என்றால், முதலில் வெளியே தெரிந்த மறையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்தார். துருவின் மேல் எண்ணெய் ஊற்றினால் எண்ணெய் துருவில்தான் ஊறும், மறைக்குள் போகாது. பிறகு துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை விட்டார். சுத்தியலால் ஸ்டட்டின் நுனியில் மெதுவாகப் பத்துப் பதினைந்து தட்டு. அந்த அதிர்வில் துருவில் விரிசல் விழும், விரிசல் வழியாக எண்ணெய் இறங்கும். சாயங்காலம் இன்னொரு தடவை. மறுநாள் காலையில் இன்னொரு தடவை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொல்கிறோமே, அதில் பலமான அடி என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகு ஆறு மூலை சாக்கெட்டை மாட்டினார். ரிங் ஸ்பேனரில் சாதாரணமாகப் பன்னிரண்டு மூலை இருக்கும், அது தலையின் முனையைத் தின்னும். ஆறு மூலை தலையின் பக்கத்தைப் பிடிக்கும். கழற்றுகிற பக்கம் போகாமல் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசைத்தார். அசைந்ததும் இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல். நடுவில் நின்றுவிட்டது. அப்போதுதான் கேஸ் எடுத்தார். சூடு காட்டியது ஸ்டட்டைச் சுற்றியிருக்கிற இரும்புக்கு. ஓட்டை விரிய வேண்டுமே தவிர ஸ்டட் விரியக் கூடாது. 500 டிகிரி சூடு ஏறினால் 10 மில்லிமீட்டர் ஓட்டை ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர்தான் விரியும். ஒரு காகிதத்தின் கனம்கூட இல்லை. துருவின் பிடி நெகிழ அது போதும். கொஞ்சம் ஆறியதும் மெழுகுவத்தியை மறையின் வாயில் வைத்தார். மெழுகு உருகி உள்ளே உறிஞ்சிக்கொண்டு போனது. மறுபடி அந்தப் பக்கம் ஒரு நூல், இந்தப் பக்கம் ஒரு நூல். கடைசியில் அந்த ஸ்டட் கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு முழுசாக வெளியே வந்தது.

காத்திருந்த நேரத்தை விட்டுவிட்டு, கை வைத்த நேரத்தை மட்டும் கூட்டினாலும் ஐந்து மணி நேரம். இதில் எந்தக் கட்டத்திலாவது அவசரப்பட்டிருந்தால் ஸ்டட் முறிந்திருக்கும். முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்து எடுக்கப் பார்க்கலாம். அதுவும் வரவில்லை என்றால் நடுவில் ஓட்டை போட்டு ஈஸி அவுட் மாட்டிப் பார்க்கலாம். பெயரில் மட்டும்தான் ஈஸி. அது கடினப்படுத்திய எஃகு, வளையாது, பட்டென்று முறியும். உள்ளே அது முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும். அந்த நிலைமைக்கு வந்த ஹெட்கள் எங்கள் பட்டறை வாசலில் இரண்டு கிடக்கின்றன. இரண்டும் "ரெண்டு நிமிஷ" இடங்களிலிருந்து வந்தவை.

இனி வீடியோக்காரர்களிடம் வருகிறேன். துருப்பிடித்த கார் வருகிறது, ஒரு கை எண்ணெய் தெளிக்கிறது, காட்சி வெட்டப்படுகிறது, போல்ட் விரலாலேயே சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது. பின்னால் இசை. பார்க்க சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. நானும் சாப்பிடும்போது பார்க்கிறேன். ஆனால் அந்த வெட்டுக்குள் புதைந்திருப்பது ஒரு ஆளின் ஒரு நாள். அந்த நாளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை "பொறுமையின் அழகு" என்று தலைப்பு போட்டுக் காட்டுகிறார்கள். பொறுமையைத்தானே ஐயா நீங்கள் வெட்டிவிட்டீர்கள்! பார்க்கிறவனுக்கு மனதில் நிற்பது எண்ணெய் தெளித்தால் போல்ட் வரும் என்பதுதான். அவன்தான் பிறகு என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறான்.

தெளிக்கிற எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. டபிள்யூடி-40 என்ற பெயரின் பொருளே தண்ணீரை விலக்குதல், நாற்பதாவது கலவை என்பது. 1953இல் அமெரிக்காவில், ராக்கெட் தொழிலுக்காக, துரு பிடிக்காமல் தடுக்க உருவாக்கியது. அது நல்ல சரக்குதான். ஆனால் பல வருடமாகச் செத்துக் கிடக்கிற மறைக்குள் இறங்குவதற்கென்றே வேறு எண்ணெய்கள் இருக்கின்றன, அதே நிறுவனமே அப்படி ஒன்றைத் தனியாக விற்கிறது. நீல டப்பாவைக் கையில் வைத்திருப்பதால் யாரும் மெக்கானிக் ஆகிவிடுவதில்லை.

நினைவுக் கட்டுரைக்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். ஏனென்றால் அவர்கள் எழுத்தாளர்கள், வார்த்தை அவர்கள் கையில் இருக்கிறது. நான் படித்த அம்பாசடர் கட்டுரைகளில் எல்லாம் பெஞ்சு மாதிரி சீட் இருக்கிறது, எட்டுப் பேர் ஏறிக் குலதெய்வம் கோயிலுக்குப் போன கதை இருக்கிறது, பெட்ரோல் வாசனை இருக்கிறது. துரு வந்தால் அது காலத்தின் குறியீடாக மட்டும் வருகிறது. "நினைவுகளில் படிந்த துரு" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் காரை யார் தூக்கி நிறுத்தினார்கள், யார் அடியில் படுத்தார்கள், யார் கண்ணில் துருப்பொடி விழுந்தது என்று ஒரு வரி வராது. மெக்கானிக் வந்தாலும் "கைகளில் மந்திரம் வைத்திருந்த மனிதர்" என்று வருவார். மந்திரம் என்று சொல்லிவிட்டால் கூலி கொடுக்க வேண்டாம் அல்லவா? 12.7க்கும் 13க்கும் வித்தியாசம் தெரிந்தவரைப் படித்தவர் என்று சொல்ல நம் நாக்கு கூசுகிறது. அதனால் மந்திரம், கைராசி, அனுபவம் என்று ஏதேதோ பெயர் வைத்து அறிவு என்ற சொல்லை மட்டும் நம்மிடமே வைத்துக்கொள்கிறோம்.

இந்த இதழைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள் என்று நினைக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். புரோகிராமில் எங்கோ ஒரு சின்னத் தப்பு. இரண்டு நாள் தேடுகிறீர்கள். கடைசியில் ஒரே ஒரு எழுத்தை மாற்றியதும் ஓடுகிறது. அந்த இரண்டு நாளுக்கு உங்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா? "ஒரு எழுத்தை மாத்த ரெண்டு நாளா?" என்று உங்கள் மேலாளர் கேட்டால் அவரைப் பற்றி நண்பர்களிடம் என்ன சொல்வீர்கள்? மறை கழண்ட ஆள் என்றுதானே? அதே நீங்கள் சனிக்கிழமை பட்டறைக்கு வந்து அதே கேள்வியை என்னிடம் கேட்கிறீர்கள்.

இனி எதிர்வாதங்கள். நியாயமானவை இரண்டு உண்டு.

முதலாவது: எல்லா போல்ட்டையும் இப்படிப் பூஜை செய்துகொண்டிருந்தால் கார் என்றைக்கு வெளியே போகும்? சரியான கேள்வி. எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை. பின்பக்கப் பட்டை வில்லைப் பிடித்திருக்கும் யு-போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் அறுத்துத் தள்ளுங்கள், எப்படியும் புதிது போடத்தான் வேண்டும். சைலன்ஸர் கிளாம்ப்பா, கிரைண்டரை எடுங்கள். மாமா கணக்கு எளிமையானது. போல்ட், நட்டு இரண்டுமே கடையில் கிடைத்தால் அறுக்கலாம். ஓட்டை எதில் இருக்கிறதோ அந்தச் சாமான் கிடைக்காது என்றால் அறுக்கக் கூடாது. ஹெட், பாடிக்குள்ளேயே வெல்டு அடித்து வைத்த நட்டு, வீல் சிலிண்டரில் இருக்கும் பிளீடர் நிப்பிள், இவையெல்லாம் இரண்டாவது வகை. நிப்பிளில் நடுவில் ஓட்டை, அதனால் சட்டென்று முறியும். எங்கே கிரைண்டர், எங்கே மெழுகுவத்தி என்று முடிவு செய்வதும் அந்தப் படிப்பில் சேர்த்திதான். நான் எதிர்ப்பது கிரைண்டரை அல்ல. கூலி மிச்சம் பிடிக்கிறதுக்காக எடுக்கிற கிரைண்டரை.

இரண்டாவது: மணிக்கணக்கு என்று வைத்தால் பட்டறைக்காரன் ஏமாற்ற மாட்டானா? ஏமாற்றலாம். ஏமாற்றுகிறவன் இப்போதும் ஏமாற்றுகிறான், மாற்றாத சாமானை மாற்றியதாக எழுதி. நான் செய்வதைச் சொல்கிறேன். பழைய கார் உள்ளே வரும்போதே அடியில் படுத்துப் போட்டோ எடுத்து, எந்தெந்த இடம் தகராறு செய்யும் என்று சொந்தக்காரருக்குக் காட்டிவிடுகிறேன். "இறுகிய போல்ட் கழற்றும் கூலி" என்று தனி வரி. அதற்கு உச்சவரம்பு, அதைத் தாண்டினால் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மேலே வேலை. வந்த போல்ட்டுகள் எல்லாம் பெயர் எழுதிய டப்பாவில் அவர் கைக்கே போகும். இதைச் சொன்னதும் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும்.

அந்த வரி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். கூலி இல்லாத நேரத்தை எந்தப் பட்டறையும் தாங்காது. எனவே வேலை வேகமாகும். வேகம் என்றால் நட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சுவது. துத்தநாக முலாம் பூசிய நட்டைக் காய்ச்சினால் எழும்புகிற வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வேகம் என்றால் ஸ்பேனரில் பைப்பைச் செருகி உடம்பு எடையெல்லாம் போட்டுத் தொங்குவது. தலை வழுக்கினால் முட்டி போய் இரும்பில் மோதும். வேகம் என்றால் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடுவது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அது நுரையீரலுக்குள் போனால் என்ன செய்யும் என்பது இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். ஈரத்துணியால் துடைத்து எடுக்கலாம். அதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்துக்கும் வரி இல்லை.

இதெல்லாம் யாருக்கு? ஸ்பேனரைப் பிடித்திருக்கிற மாமாவுக்கு இல்லை, அவர் தலைமை மேஸ்திரி. வண்டிக்கு அடியில் படுத்திருப்பது பத்தொன்பது வயசுப் பையன். துருவை வளர்த்தது ஒரு குடும்பம், பதினோரு வருடமாக. அந்தத் துரு உதிர்ந்து விழுவது வேறொரு வீட்டுப் பிள்ளையின் கண்ணில். அவன் நேரத்தையும் சேர்த்துத்தான் "அதெல்லாம் லேபர்ல அடங்கிரும்லா?" என்று கேட்கிறீர்கள். அடங்காது. அடக்கினால் அது அவன் உடம்பில்தான் போய் அடங்கும்.

கூலி கொடுத்தால் இன்னொன்றும் நடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். நேரம் இருக்கிற மெக்கானிக் போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது மறையைச் சுத்தம் செய்து, இறுகாமல் இருக்கச் செம்புத்தூள் கலந்த கிரீஸைத் தடவி, அளவாக முறுக்கி வைப்பார். அது இந்தப் பில்லுக்குப் பயன்படாது. இன்னும் இருபது வருடம் கழித்து அதே போல்ட்டில் ஸ்பேனர் வைக்கப்போகிற, அவர் முகம் பார்க்காத ஒரு ஆளுக்குப் பயன்படும். அவசரத்தில் வேலை பார்க்கிறவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, தாத்தாவின் காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிற தம்பிகளே, தங்கைகளே, பெயிண்ட் நிறம் என்ன, சீட் துணி என்ன என்று கேட்பதற்கு முன்னால் மேஸ்திரியிடம் இதைக் கேளுங்கள்: "அண்ணே, போல்ட்டு கழட்ட எத்தனை மணி நேரம் ஆகும், அதுக்கு மணிக்கு எவ்வளவு?" அவர் ஒரு நிமிடம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், அவரிடம் யாரும் கேட்டிருக்காத கேள்வி அது. அவர் சொல்கிற தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள். பேரம் பேசுவதென்றால் பெயிண்ட்டில் பேசிக்கொள்ளுங்கள். இந்த வரியில் பேசாதீர்கள்.